அவன் பெயரில் நான் போட்ட பக்கங்கள்

என்னை அக்கா என்று கூப்பிட அவனுக்கு எந்த உரிமையும் கிடையாது. என்னைவிட ஆறு மாதம் மூத்தவன். "பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பிட்டு, கிருஷ்ணகிரில இருந்து பஸ் புடிச்சு வந்து, வந்ததும் வராததுமா சண்டை போடுறவங்களை வேற எப்படிக் கூப்புடுறது?" என்பான். அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலி. எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பதை முகத்துக்கு நேராகச் சொன்னவன் அவன் ஒருவன்தான். நோன்பு மாதத்தில் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கேண்டீனுக்குப் போய்விடுவான். இங்கேயே சாப்பிடு, எனக்கு ஒன்றுமில்லை என்றால், "உங்களுக்காக இல்லக்கா, பசில நீங்க இன்னும் மோசம். எனக்குப் பயமா இருக்கு" என்பான்.

ஓசூர் சிப்காட்டில் எங்கள் கம்பெனி எலக்ட்ரிகல் பேனல் செய்கிறது. ஆளுயர இரும்புப் பெட்டிகள். எங்கோ ஓர் ஆலையில் மோட்டாரை ஓட்டுவதும் நிறுத்துவதும் அவற்றின் வேலை. பெட்டிக்குள் எந்த ஒயர் எங்கிருந்து எங்கே போக வேண்டும் என்று கணினியில் வரைந்து கொடுப்பது எங்கள் வேலை. இத்தனை வருடங்களாக ஒரே மென்பொருளில் வரைந்துகொண்டிருந்தோம். திடீரென்று தலைமை அலுவலகம் வேறொன்றை வாங்கிவிட்டது. பழைய வரைபடங்கள் அத்தனையையும் புதியதற்கு மாற்றியாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. எங்கள் இருவர் தலையில் அதைக் கட்டினார்கள்.

"ஒரு பட்டனைத் தட்டுனா போதும் மேடம், எல்லாம் தானா மாறிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார் அதை விற்க வந்தவர். தட்டினோம். கோடுகள் வந்தன, எழுத்துகள் வந்தன. ஆனால் பழைய மென்பொருளுக்குக் கோடு என்றால் கோடு, அவ்வளவுதான். புதியதற்குக் கோடு என்றால் ஒயர். அது எந்த முனையில் தொடங்கி எந்த முனையில் முடிகிறது என்று அதற்குத் தெரிந்தாக வேண்டும். மூன்றாம் பக்கத்தில் இருக்கும் ரிலேதான் பதினோராம் பக்கத்தில் இருக்கும் சுவிட்சைத் தட்டுகிறது என்பது பழைய படத்தில் எங்கும் எழுதியிருக்காது. வரைந்தவர் தலைக்குள் இருக்கும். ஆகவே ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, ஒவ்வொன்றையும் தொட்டு, இது இதனுடையது, இது அதனுடையது என்று சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. தலையில் அடித்துக்கொண்டேன். அவன் சிரித்தான். "கல்யாண மண்டபத்துல சொந்தக்காரங்களை அறிமுகப்படுத்துற மாதிரிதாங்கா. இவரு பொண்ணோட சித்தப்பா, இவரு மாப்பிள்ளையோட மாமா. பொறுமையா செய்யலாம்."

பாதி மண்டபத்தை அறிமுகப்படுத்தி முடிப்பதற்குள் அவனுக்கு மஞ்சள் காமாலை என்றார்கள். பிறகு காமாலை இல்லை, கணையத்தில் கட்டி என்றார்கள். பெங்களூரில் ஆபரேஷன் நடந்தது. திரும்பி மத்திகிரியில் இருந்த வாடகை வீட்டுக்கு வந்தபோது போய்ப் பார்த்தேன். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. அவன் மனைவி காபி கலக்க உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அக்கா, என் லைசென்ஸை மட்டும் விட்றாதீங்க."

விஷயம் இதுதான். புதிய மென்பொருளை நினைத்த கணினியில் எல்லாம் போட முடியாது. ஆளுக்கு ஒரு லைசென்ஸ். அது அந்த ஆளின் பெயரிலேயே இருக்கும். விலை அதிகம் என்பதால் தலைமை அலுவலகம் எண்ணித்தான் வாங்கியிருந்தது. யார் எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார்கள், எத்தனை பக்கம் முடித்தார்கள் என்ற கணக்கு மாதாமாதம் மேலே போகும். சும்மா கிடக்கும் லைசென்ஸைப் பிடுங்கி வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். லைசென்ஸ் போனால் டிசைனில் இடமில்லை, கீழே பெட்டி செய்யும் ஷாப்புக்குத்தான் போக வேண்டும். ஷாப்பில் ஷிப்டு முழுக்க நின்றுகொண்டு ஒயர் இழுக்க வேண்டும். வயிற்றைக் கிழித்துத் தைத்த ஆள் எப்படி நிற்பான்? திரும்பி வருவதற்கு அந்த நாற்காலி இருக்க வேண்டும் என்பது தவிர அவன் அப்போது வேறு எதையும் கேட்கவில்லை.

முதலில் அவனே செய்தான். கம்பெனி லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து, ஒரு நாளைக்கு ஒரு பக்கம், அரைப் பக்கம். மேனேஜருக்கும் தெரியும். அவர் ஆனேக்கல் பக்கத்துக்காரர், கன்னடம் கலந்த தமிழ், நல்ல மனுஷர். "ஆய்த்து, அவருக்கு முடிஞ்சது செய்யட்டும் மேடம்" என்றார். பிறகு சாப்பிட்டது வயிற்றில் நிற்காமல் போயிற்று. பிறகு வலி மருந்தைக் கூட்டினார்கள். ஒரு நாள் போன் செய்து, "இன்னிக்கு ஸ்கிரீன்ல எழுத்தெல்லாம் ஓடுதுக்கா" என்றான். சிரிக்கப் பார்த்தான். பாஸ்வேர்டைச் சொல் என்றேன்.

காலேஜில் வராதவனுக்கு 'உள்ளேன் ஐயா' போடாதவர் யார் இருக்கிறார்கள்? ப்ராக்ஸி கொடுப்பது என்போம். அதைத்தான் செய்தேன். காலையில் வந்ததும் முதலில் அவன் பெயரில் உள்ளே போவேன். அவன் பங்கில் விட்ட இடத்திலிருந்து ஒரு பக்கமாவது முடிப்பேன். பிறகு வெளியே வந்து என் பெயரில் என் வேலையைப் பார்ப்பேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி கொஞ்ச நேரம் அவன். ரிலே, சுவிட்ச், சித்தப்பா, மாமா. யாருக்கும் சொல்லவில்லை. கணக்கில் அவன் தினமும் வேலைக்கு வந்துகொண்டிருந்தான். எனக்கு அது பிடித்திருந்தது, மறைப்பானேன். திரையில் அவன் பெயர் பச்சையாக எரிவதைப் பார்க்கும்போது, ஆள் கேண்டீனுக்குப் போயிருக்கிறான், வந்துவிடுவான் என்று தோன்றும். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அவனுக்காகத் துவா கேட்பேன்.

மாதக் கணக்கு வந்தபோது மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். அவர் கணினியைத் திருப்பிக் காட்டி, "நோடி மேடம், உடம்பு இவ்ளோ மோசமா இருந்தும் எவ்ளோ செஞ்சிருக்காரு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அதற்குப் பின் அவனால் போனையும் எடுக்க முடியவில்லை. அவன் மனைவிதான் பேசுவாள். அவன் அம்மா காவேரிப்பட்டினத்திலிருந்து வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனதாகச் சொன்னாள். "இருங்கத்தைன்னுதான் சொன்னேங்கா. மாட்டைக் கறக்க ஆளில்லன்னு கெளம்பிட்டாங்க. இவரு கண்ணையே தொறக்கல, அதான் அவங்களுக்குத் தாங்கல." அன்றைக்கும் அவன் பெயரில் ஒரு பக்கம் முடித்தேன்.

ஒரு வியாழக்கிழமை காலையில் அவன் போய்விட்டான். ஊருக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். நாங்களும் போய் நின்றுவிட்டு வந்தோம். வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு வந்து, பையை வைத்து, கணினியைத் திறந்து, கை தானாக அவன் பெயரை அடித்துவிட்டது. பாஸ்வேர்டு கேட்டது. அப்போதுதான் உறைத்தது. எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்த லைசென்ஸை மறு வாரமே புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு மாற்றினார்கள். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. இருந்தாலும் ஒரு வாரம் அவளோடு நான் சரியாகப் பேசவில்லை.

காரியத்துக்குக் கம்பெனி வேனில் காவேரிப்பட்டினம் போனோம். வாசலில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், உறவுக்காரர்கள் நிறையப் பேர். மேனேஜர் அவன் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அதை மாலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே இரண்டு வார்த்தை பேசினார்.

"கடைசி வாரம் வரைக்கும் வேலை செஞ்சிருக்காருங்க. எங்க கம்ப்யூட்டர்ல எல்லாம் இருக்கு. படுத்த படுக்கையில இருந்துகிட்டு, ஒரு நாள் விடாம. இந்த மாதிரி ஒரு மனுஷனை நான் பாத்ததில்ல."

மனதாரச் சொன்னார். அதில் பொய் இருப்பது அவருக்குத் தெரியாது. அவன் மாமா ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெருமையாகத் தலையாட்டினார். அவன் மனைவி மட்டும் நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தாள். கடைசி மாதம் அவனுக்கு ஸ்பூனால் தண்ணீர் ஊட்டியவள் அவள். கதவோரம் பாயில் உட்கார்ந்திருந்த அவன் அம்மாவை நான் அப்போது பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

சாப்பிட்டுவிட்டுக் கைகழுவக் கொல்லைப்பக்கம் போனேன். அந்த அம்மா என் பின்னாலேயே வந்து சொம்பில் தண்ணீர் ஊற்றினார்.

"நீதான கண்ணு அவன் பக்கத்துல உக்காந்து வேலை செய்யிறது? சொல்லிக்கினே இருப்பான்."

"ஆமாங்கம்மா."

"அந்த சாரு சொன்னது நெசமா? கடைசி வரைக்கும் ஆபீசு வேலை செஞ்சானா?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே பேசினார். குரல் உயரவில்லை.

"நான் ரெண்டு நாளு அவன் தலைமாட்டுல உக்காந்திருந்தேன் கண்ணு. எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. அம்மான்னுகூட சொல்லல. மொகத்தை செவுத்துப் பக்கம் திருப்பிக்கினான். எம்புள்ளைக்கு முடியலன்னு நெனச்சுக்கினு வந்துட்டேன். ஆபீசு வேலைக்குத் தெம்பு இருந்திருக்குதே. அப்ப எம்மேல இன்னா கோவம் அவனுக்கு?"

அன்றைக்குக் காலையில் யாராவது என்னைக் கேட்டிருந்தால், நான் செய்ததில் ஒரு தவறும் இல்லை, இன்னொரு முறை வந்தாலும் அதையேதான் செய்வேன் என்று சண்டைக்கு நின்றிருப்பேன். இப்போதும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அந்தக் கொல்லைப்பக்கத்தில் சண்டைக்கு நிற்க முடியவில்லை. பந்தலில் இருக்கும் சொந்தமெல்லாம் அவனைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருக்கிறது. அதை நான் உடைக்க வேண்டும். உடைக்காவிட்டால், மகன் தன்னிடம் கோபித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான் என்று இந்த அம்மா சாகிறவரை நினைத்துக்கொண்டிருப்பார்.

"அவன் செய்யலம்மா. அவன் பேர்ல நான் செஞ்சேன்."

அவருக்குப் புரியவில்லை.

"அவன் வேலைக்கு வரலைன்னா அவன் எடத்தை வேற யாருக்காச்சும் குடுத்துடுவாங்க. அதனால அவன் வந்த மாதிரி தெனமும் நான்தான் அவன் பேரைப் போட்டு வேலை செஞ்சேன். அந்த சாருக்கு அது தெரியாது. அவனால எதுவும் முடியலம்மா. போனைக்கூட எடுக்க முடியல."

அவன் மனைவி எப்போது வந்தாள் என்று தெரியாது, பின்னால் நின்றிருந்தாள். "ஆமாங்கத்தை. நீங்க வர்றதுக்கு முன்னாடியே லேப்டாப்பை மூடி பீரோ மேல வெச்சுட்டேன். அதுக்கப்புறம் அவரு அதைக் கேக்கவே இல்ல" என்றாள்.

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப முடியாமத்தான் பேசல."

"முடியாமத்தாம்மா."

"கோவம் இல்ல."

"இல்லம்மா."

அப்படியே துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்தார். சொம்பு கையிலேயே இருந்தது. தன் பிள்ளைக்கு அம்மா என்று சொல்லக்கூடத் தெம்பில்லாமல் போயிற்று என்பதை என் வாயிலிருந்து கேட்டு, அதில் ஆறுதல் அடைந்து அழுதார். நான் பக்கத்தில் குந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மேனேஜர் வேன் கிளம்புகிறது என்று ஆள் அனுப்பினார். எழுந்திருக்கப் பார்த்தேன், அந்த அம்மா கையை விடவில்லை.

"முடியாமத்தான கண்ணு?" என்று இன்னொரு தடவை கேட்டார்.