ஜவாத் ஏற்றுக்கொண்ட ஒயில் ஒழுக்கு

போன கிழமை ரசம் வைப்பதற்காக மனைவி புதிய பெருங்காயப் பெட்டி ஒன்றை உடைத்தாள். அந்த வாசனை அடுப்படியைத் தாண்டி முன் விறாந்தைக்கு வந்தபோது நான் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். அடுத்த நிமிடம் வீட்டில் இல்லை. மண்முனைத் துறையில், என் பழைய வெள்ளை வேகனுக்குள் இருந்துகொண்டு, பாதை வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன, மூக்க மூக்க உறிஞ்சிக்கொண்டு இருக்கிறீங்க? தடிமனா?" என்று அவள் கேட்ட பிறகுதான் திரும்பி வந்தேன்.

கியர் ஒயிலை முகர்ந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். பெருங்காயத்தையும் கூழ்முட்டையையும் ஒரே சட்டியில் போட்டுக் காய்ச்சினால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கும் அது. கையில் பட்டால் மூன்று நாளைக்குச் சவர்க்காரம் தோற்றுப்போகும். அந்த மணத்தோடுதான் நான் பெண் பார்க்கப் போனேன். என்னைக் கட்டிக்கொண்டவளின் மூக்கைப் பற்றி எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இருக்கிறது.

பாதை என்றதும் தெருவை நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் வாவியைக் கடக்க வாகனங்களை ஏற்றிப்போகும் தட்டையான மிதவைக்கு அதுதான் பெயர். இரண்டு மூன்று வாகனம், கொஞ்சம் சைக்கிள், மீன் பெட்டி, பால் கலன், நின்றபடி தூங்கும் மனிதர்கள் எல்லாம் ஏறிவிடும். ஏறியதும் என்ஜினை நிறுத்திவிட வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நான் சும்மா இருப்பேன். கரை தானாக என்னிடம் வரும். மார்கழி மாதக் காலைகளில் அந்தக் கரையும் தெரியாது, விட்டு வந்த கரையும் தெரியாது. நடுவில் வெள்ளையாக ஒரு புகை மட்டும் நிற்கும். அதற்குள் எங்கேயோ ஒரு மீன்காரன் தோணியைத் தட்டும் சத்தம் கேட்கும். அந்தப் பத்து நிமிடம் வாழ்க்கையில் எனக்கு எந்தக் கவலையும் இருந்ததில்லை. கவலை எல்லாம் அக்கரையில் இறங்கிய பிறகுதான்.

வேகனில் நான்கு டீச்சர்மார். கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்துக்கு டவுனிலிருந்து தினமும் அவர்களைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவது என் தொழில். முன் சீட்டில் மூத்தவரான திரேசா டீச்சர் இருப்பார். பின்னால் மூன்று பேர், மூன்று சோற்றுப் பார்சல்கள், ஒரே தூக்கம். ஏழரை மணிக்குப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் புத்தகத்தில் சிவப்புக் கோடு போட்டுவிடுவார்கள். கோட்டுக்குக் கீழே ஒப்பம் வைப்பதை விட வாவிக்குள் குதிப்பது மேல் என்பது திரேசா டீச்சரின் கொள்கை. அந்த நான்கு பேரும் வேறு வாகனத்துக்கு மாறினால் என் வேகன் வாசலில் நின்று துருப்பிடிக்க வேண்டியதுதான்.

ஒரு மாரியில் வயல் வட்டைக்கு நடுவே போகிற வீதி முழங்காலளவு தண்ணீருக்குள் போய்விட்டது. சிவப்புக் கோட்டை நினைத்துக்கொண்டு நான் வேகனை இறக்கிவிட்டேன். கரையேறிவிட்டோம். ஆனால் கியர்பொக்ஸும் தன் பங்குக்குத் தண்ணீர் குடித்திருந்தது. இரண்டு வாரத்தில் அது ஊளையிடத் தொடங்கியது. திறந்து பார்த்தால் உள்ளே இருந்த ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது.

திறந்தவன் ஜவாத். என் வயதுதான் அவனுக்கும். காத்தான்குடியில் ஒரு வாகை மரத்தடியில் தகரம் போட்டுச் சொந்தமாகக் கராஜ் தொடங்கி நாலு மாதம் ஆகியிருந்தது. வேலைக்காரனாக இருந்தபோது நிறையக் கியர்பொக்ஸ் கட்டியிருக்கிறான். தன் பெயரில் கட்டியது என்னுடையதுதான் முதல். அதைக் கட்டி முடிக்கும்வரை அவன் தாடியைக் கூட ஒழுங்காக வெட்டவில்லை.

நாலாம் நாள் எல்லாவற்றையும் ஏற்றிப் பூட்டியாகிவிட்டது. கடைசியாக இரண்டு பக்கமும் சக்கரத்துக்குப் போகும் எக்ஸல் தண்டைப் போட வேண்டும். வலப்பக்கம் உள்ளே போய்விட்டது. இடப்பக்கம் ஒரு விரற்கடை வெளியே நின்றுகொண்டு உள்ளே போகவே மாட்டேன் என்றது. நான் பக்கத்தில் கிடந்த பெரிய சுத்தியலை எடுத்து நீட்டினேன். ஜவாத் என்னைப் பார்த்த பார்வையில் சுத்தியல் தானாகக் கீழே இறங்கியது.

"அடிச்சா ஒயில் சீலும் போகும், பல்லும் போகும். ரெண்டு எக்ஸலையும் ஒண்டாக் கழட்டிட்டன் மச்சான். புடிச்சிருக்க ஆளில்லாம உள்ளுக்குள்ள பல்லுச் சில்லு இடம் மாறிக் கிறுகிட்டு. என்ட பிழைதான்."

ஒரு விளக்குமாற்றுத் தடியைச் சீவி, வலப்பக்க எக்ஸலைத் திரும்பவும் உருவி, கண்ணை மூடிக்கொண்டு தடியாலும் விரலாலும் உள்ளே தடவினான். கண்ணை மூடினால்தான் உள்ளே தெரியும் என்றான். ஒரு மணித்தியாலம் போயிருக்கும். பிறகு எக்ஸலை நேராகப் பிடித்து உள்ளங்கையால் ஒரு தள்ளு. 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. எக்ஸல் நுனியில் இருக்கும் வளையம் தன் இடத்தில் விழுந்த சத்தம். ஜவாத் கண்ணைத் திறந்து சிரித்தான்.

தன் பிழையை யாரும் கேட்காமலே ஒப்புக்கொள்ளும் மெக்கானிக்கை நான் அதற்கு முன் கண்டதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தும் நான் செய்த வேலையைக் கேளுங்கள்.

கியர்பொக்ஸின் தலையில் ஒரு சிறு குழாய் உண்டு. பெட்டரித் தட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும். தண்ணீர் அந்த வழியால்தான் உள்ளே போனது என்று ஜவாத் காட்டியிருந்தான். எனக்கு மூளை வேலை செய்தது. அடுத்த மழைக்கு முதல் நாள், சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டை வெட்டி, அந்தக் குழாயின் வாயை மூடி, மீன் பிடிக்கும் தங்கூசி நூலால் ஏழு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். இனி வாவியே ஏறி வந்தாலும் ஒரு சொட்டுப் போகாது. யாருக்கும் சொல்லவில்லை. சொல்வதற்கு அது ஒரு விஷயமாகவும் தோன்றவில்லை.

பத்து நாளில் ஒழுகத் தொடங்கியது. எக்ஸல் உள்ளே போகும் இடத்தில், இரண்டு பக்கமும். சூடான புகைக்குழாயில் சொட்டி, அந்தப் பெருங்காய நாற்றம் வேகனுக்குள் நிறைந்தது. பாதையில் கண்ணாடியை இறக்கிவிட்டுத் திரேசா டீச்சர் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வார். ஜவாத் கீழே படுத்து, ஒயிலைத் தடுத்து நிற்கும் சீல்கள் இரண்டையும் மாற்றினான். ஒரு கிழமையில் திரும்பவும் ஒழுக்கு. மறுபடியும் மாற்றினான். எக்ஸலில் கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவித் தடவிப் பார்த்தான். ஒயிலை அளந்து ஊற்றினான். அவனுக்குத் தூக்கம் இல்லை என்பது கண்ணில் தெரிந்தது. நடுவழியில் ஒயில் விடுவதற்காக நிறுத்தியதில் இரண்டு தரம் டீச்சர்மார் சிவப்புக் கோட்டுக்குக் கீழே போனார்கள்.

"தம்பி, குறை நினைக்காதீங்க. இது சரிவராட்டி வாற மாசம் நாங்க வேற வாகனம் பாக்கிறம்" என்றார் திரேசா டீச்சர்.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில், நான்கு பேரையும் வைத்துக்கொண்டே வேகனை ஜவாத்தின் கராஜுக்குள் விட்டேன். அங்கே ஒரு லொறிக்காரர் இருந்தார். தன் லொறியின் கியர்பொக்ஸைக் கட்டத் தருவது பற்றிப் பேச வந்தவர். நான் இறங்கிய வேகத்தில் வாயைத் திறந்தேன்.

"சீல் ஒண்டு போடத் தெரியாத நீ என்னத்துக்கு மச்சான் கராஜ் தொறந்த?"

ஜவாத் இந்த முறை கீழே படுக்கவில்லை. பெட்டரியைக் கழற்றினான், தட்டைக் கழற்றினான், கையை உள்ளே விட்டான். அவன் கை ஒரு இடத்தில் நின்றது. குனிந்து பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். பிளேடால் தங்கூசியை அறுத்ததும் 'உஸ்' என்று சூடான காற்று சீறிக்கொண்டு வந்தது, அந்த நாற்றத்தோடு. எனக்கு அந்த நொடியே எல்லாம் விளங்கிவிட்டது. ஓட ஓடக் கியர்பொக்ஸ் சூடாகும், உள்ளே இருக்கும் காற்று பெருகும். மூச்சு விடுகிற வழியை நான் கட்டிவிட்டேன். அது சீல்களைத் தள்ளிக்கொண்டு வெளியே வராமல் வேறு எங்கே போகும்?

வாகை நிழலில் நின்ற திரேசா டீச்சர் கேட்டார். "என்ன, பிழையக் கண்டு புடிச்சிட்டீங்களா?"

ஜவாத்தின் கை மூடியிருந்தது. டியூப் துண்டு அதற்குள். அவன் என் முகத்தைப் பார்த்தான். அதில் என்னத்தைக் கண்டானோ தெரியாது.

"ஓம் டீச்சர். சீல நான் செரியா இருத்தல்ல. என்ட பிழைதான். இனி ஒழுகாது, நீங்க பயப்படாமப் போங்க."

லொறிக்காரர் எழும்பிச் சாரத்தை உதறிக்கொண்டார். "பொறகு வாறன் தம்பி" என்றார். மூன்றாம் நாள் அவருடைய லொறி ஆரையம்பதியில் இன்னொரு கராஜ் வாசலில் கியர்பொக்ஸ் இல்லாமல் நின்றதைக் கண்டேன். அதற்குப் பிறகு 'சீல் போடத் தெரியாதவன்' என்று ஜவாத்தைப் பற்றி இரண்டு மூன்று இடத்தில் காதில் விழுந்தது. அது என் வாயிலிருந்து புறப்பட்ட வசனம். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் டீச்சர்மார் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற பயம். வெட்கம். நான் வாயைத் திறக்கவேயில்லை. ஜவாத்தும் அதைப் பற்றி ஒரு சொல் பறையவில்லை. வேகன் பிறகு ஒழுகவும் இல்லை. ஒன்றரை வருடத்தில் கராஜை மூடிவிட்டு அவன் கட்டாருக்குப் போனான்.

பெருங்காயம் இதையெல்லாம் கிளறிவிட, போன வெள்ளிக்கிழமை பின்னேரம் ஜவாத்தைத் தேடிக்கொண்டு போனேன். கட்டாரிலிருந்து திரும்பி வந்து, காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கிறான். தாடி முழுக்க வெள்ளை. என்னைக் கண்டதும் கட்டிப் பிடித்தான், பிளேன்டீக்குச் சொன்னான், பிள்ளைகளை விசாரித்தான். நான் வந்த விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன். டியூப் துண்டு, தங்கூசி, லொறிக்காரர், நான் சொன்ன அந்த வார்த்தை, ஒன்றையும் விடவில்லை.

ஜவாத் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டான்.

"எந்த வேகன் மச்சான்?"

நிறம் சொன்னேன். டீச்சர்மாரைச் சொன்னேன். அவன் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினான்.

"அந்த ஒன்றர வருசத்துல எத்தின பேர்ட பிழைய என்ட பிழையெண்டு சொன்னன். ஒருத்தன் ஒயில் ஊத்துற வாயில தண்ணிய ஊத்திட்டு வருவான். இன்னொருத்தன் பொஞ்சாதிக்கிட்ட மறைக்கச் சொல்லுவான். அதுக்குள்ள உன்டது எதெண்டு நான் எங்க தேட?"

மண்முனையில் இப்போது பாலம். பாதை போய்விட்டது. வேகனைப் பழைய இரும்புக்குக் கொடுத்தாயிற்று. திரேசா டீச்சர் காலமாகி ஆறேழு வருடம். அவையெல்லாம் இல்லாமல் போனது எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்கவும் ஆள் இல்லாமல் போகும் என்று மட்டும் நான் நினைத்திருக்கவில்லை. ஆள் என் முன்னாலேயே இருந்து பிளேன்டீயை ஊதிக்கொண்டிருந்தான்.