வெள்ளி அரைஞாணும் விமானச் சோதனையும்

புனேயில் இருக்கும் என் மகளுக்கு ஆப்பரேஷன் செய்துதான் குழந்தையை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தலைப்பிரசவம். முறைப்படி எங்கள் ஊரான மொரப்பூருக்கு அழைத்து வந்திருக்க வேண்டும். ரத்தக்கொதிப்பு இருப்பதால் பயணமே கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். என் மனைவி ஒரு மாதம் முன்பே ரயிலேறிப் போய் அவளோடு இருந்தாள். நான் மாடுகளோடும் தக்காளித் தோட்டத்தோடும் ஊரில் இருந்தேன். திடீரென்று ஆப்பரேஷன் தேதியை ஒரு வாரம் முன்னால் கொண்டு வந்துவிட்டார்கள். ரயிலில் இடமில்லை. மருமகன் பெங்களூரிலிருந்து புறப்படும் விமானத்துக்கு டிக்கெட் எடுத்து அனுப்பினார்.

"நீ வந்து கதவுகிட்ட நின்னாத்தான்ப்பா நான் உள்ள போவேன்" என்று போனில் மகள் சொன்னாள். சிறு வயதில் ஊசி போடவும் இப்படித்தான் சொல்வாள்.

நான் அதுவரை விமானத்தைத் தலைக்கு மேலே மட்டும்தான் பார்த்திருக்கிறேன். என் மனைவியின் தம்பி இரண்டு வருடம் துபாயில் கட்டட வேலை பார்த்தவன். எங்கள் பக்கத்தில் விமானம் பற்றி எதுவானாலும் அவனிடம்தான் கேட்பார்கள். அவனே வந்து எனக்கு ஒத்திகை வைத்தான்.

"மாமா, வாசப்படியில நில்லுங்க. இதான் அந்த மெசினுன்னு வெச்சிக்கோங்க. கைய விரிங்க. நல்லா விரிங்க, காக்கா வெரட்டற பொம்ம மாதிரி!"

விரித்தேன். டார்ச் லைட்டை என் உடம்பெல்லாம் ஓட்டிக்கொண்டே வந்தான். இடுப்பில் டக்கென்று தட்டியது.

"இது என்னங்க மாமா?"

"உங்கூட்டுல போட்டதுதான்" என்றேன். கல்யாணத்தில் என் மாமனார் போட்ட வெள்ளி அரைஞாண் கொடி.

"போச்சு போங்க! எங்கப்பா போட்ட கொடியே உங்கள மாட்டி வுடப் போவுது. மெசினு கத்தும். கத்துனா தனி ரூமுக்குக் கூட்டிட்டுப் போயி வேட்டிய அவுருன்னுவாங்க."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயிற்று வலிக்கு டாக்டரிடம் சட்டையைத் தூக்கிக் காட்டவே யோசிக்கிறவன் நான். அந்த அறையில் நிற்கும்போது விமானம் போய்விட்டால் மகளுக்கு என்ன சொல்வது?

கொடியின் திருகு கல்யாணத்துக்குப் பிறகு திறக்கப்பட்டதே இல்லை. எண்ணெய் விட்டுப் பார்த்தோம், அசையவில்லை. தருமபுரிக்குப் போய் ஆசாரியிடம் காட்டினேன். அவர் கத்தரியைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைத்தார்.

"மொதல்ல கருப்புக் கவுறு கட்டுங்க. அப்பறந்தான் இத அறுப்பேன்."

அது எனக்கும் தெரியும். எங்களில் ஆணின் இடுப்பு வெறுமையாக இருப்பது அவன் செத்த பிறகுதான். பதற்றத்தில் கயிறு வாங்காமல் போயிருந்தேன். ஓடிப்போய் வாங்கி வந்து, அவர் கடையின் பின்பக்கம் சுவரைப் பார்த்து நின்று கட்டிக்கொண்டேன். பிறகு வெள்ளி அறுந்தது. இடுப்பு லேசாகி, வேறு யாருடைய உடம்போ மாதிரி இருந்தது.

மைத்துனன் ஒட்டிக்கோ வேட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தான். "பெல்ட்டு வாணாம் மாமா. இது தானா நிக்கும்" என்றான். கேழ்வரகு மாவையும், மகளுக்குப் பிரசவ மருந்தையும் பையில் வைத்தேன். பாக்கெட்டில் சில்லறைகூட இல்லை. எல்லாம் சரியாகச் செய்துவிட்டேன் என்று நம்பித்தான் பஸ் ஏறினேன்.

பெங்களூர் விமான நிலையத்துக்குள் நுழைந்ததும் என் செருப்புச் சத்தம் எனக்கே கூச்சமாக இருந்தது. தரை அவ்வளவு பளபளப்பு. சோதனை வரிசையில் நான் பார்த்ததை இன்னும் மறக்க முடியவில்லை. கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் பெல்ட்டை அவிழ்த்துத் தட்டில் போட்டுவிட்டு, ஒரு கையால் பேண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் ஷூவைக் கழற்றினார், சாக்ஸில் பெருவிரல் தெரியும் ஓட்டை. கலெக்டர் ஆபீஸில் இப்படிப்பட்டவர்கள் வந்தால் நான் எழுந்து ஓரமாக நிற்பேன். இங்கே எனக்கு முன்னால் கையை விரித்து, ஒரு வார்த்தை பேசாமல் நிற்கிறார்கள்.

என் பை மெசினுக்குள் போனது. ஓரமாக இருந்த திரை என் கண்ணில் பட்டது. பையே இல்லை, உள்ளே இருப்பது மட்டும் இருந்தது. மாவு ஆரஞ்சு நிறத்தில் மலை மாதிரி. மருந்து டப்பாவின் விளிம்பு நீலக்கோடாக. மூடிக் கட்டி எடுத்து வந்ததை ஒருவர் கண்ணாடியில் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். சாமிக்குத்தான் இப்படித் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

என் முறை. கதவு போன்ற சட்டத்துக்குள் நடந்தேன். கத்தியது.

காக்கி உடை போட்ட காவலர் கருவியை என் மேல் ஓட்டினார். இடுப்பருகே மறுபடி கத்தியது. "ஏனு இது?" என்று கன்னடத்தில் கேட்டார். வெள்ளியைத்தான் அறுத்துவிட்டேனே! எனக்கே தெரியவில்லை. சட்டையைத் தூக்கினேன். அத்தனை பேர் நடுவில், நானாகவே. கருப்புக் கயிற்றில் மோட்டார் ரூம் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. எப்போதும் அரைஞாணில்தான் சாவி வளையத்தை மாட்டியிருப்பேன். ஆசாரி கடையில் பழைய கொடியிலிருந்து புதுக் கயிற்றுக்கு என் கை தானாக மாற்றிவிட்டிருக்கிறது.

"பீகதகை சார், மோட்டார் ரூம் சாவி" என்றேன். பேச்சு பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் வந்தது.

அவர் சாவியை விரலால் திருப்பிப் பார்த்தார். கயிற்றைச் சுற்றி ஒருமுறை தடவினார். "ஹோகி" என்று தலையசைத்துப் போகச் சொன்னார். அவ்வளவுதான். சட்டையை இறக்கிவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. அவரவர் பெல்ட்டை அவரவர் தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்கே தெரியாத ஒரு சாவி அந்தக் கதவுக்குத் தெரிந்திருக்கிறது. என் கூச்சம் மட்டும் அங்கே யார் கண்ணிலும் படவில்லை.

மைத்துனனுக்குப் போன் செய்து, சாவி என்னோடு வந்துவிட்டதைச் சொன்னேன்.

"தோட்டத்துக்குத் தண்ணி எப்பிடிங்க மாமா வுடறது?"

"பூட்ட ஒடச்சிடு."

"அட, நீங்க போங்க மாமா. நான் பாத்துக்கறேன்."

பிறகு புனேக்கு. மனைவி எடுத்ததும், "வுட்டுட்டாங்களா?" என்றாள்.

"வுட்டுட்டாங்க. உள்ள வந்துட்டேன். கண்ணாடி வழியா பிளேன் தெரியுது. நம்ம தெரு நீளம் இருக்குது."

அவள் போனைக் கையில் பிடித்தபடியே அந்தப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னாள்: "பாப்பா, உங்கப்பன் வராரு."