பத்திரகாளி சொன்ன சாட்சி

முப்பிடாதி வெட்டுப்பட்டு விழுந்தது மாசி மாதத்துப் பட்டப்பகலில். கழுகுமலைக்குக் கிழக்கே கரிசல் முழுக்கப் பருத்தி வெடித்துக் கிடந்தது. வண்டிப்பாதைத் தகராறு. பங்காளி சுந்தரபாண்டி அரிவாளோடு வந்தான், வெட்டினான், ஓடிவிட்டான். பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பத்திரகாளி அதைப் பார்த்து மடி கனக்க ஓடிவருவதற்குள் புருஷன் மண்ணில் கிடந்தான். அவளுக்கு முன்னால் அங்கே வந்து சேர்ந்தவன் வெட்டியவனின் தம்பி மாயகிருஷ்ணன். பக்கத்துப் புஞ்சையில் உழைத்துக்கொண்டிருந்தவன், தலைத்துண்டை அவிழ்த்து முப்பிடாதியின் கழுத்தில் வைத்து அமுக்கிப் பிடித்தான். அவன் கைக்குள்ளேயே உயிர் அடங்கியது.

ஸ்டேஷனில் கொடுத்த புகாரிலோ அண்ணனும் தம்பியும் சேர்ந்து வெட்டியதாக இருந்தது. எழுதச் சொன்னவன் முப்பிடாதியின் தம்பி சண்முகராஜ். "நீயும் பாத்தியாம்மா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது பத்திரகாளி தலையாட்டினாள். அந்த வேகத்தில், எதிரி வீட்டுக் கைக்குழந்தையைச் சொல்லியிருந்தாலும் ஆட்டியிருப்பாள். மாயகிருஷ்ணனின் வேட்டியில் இருந்த ரத்தமே அவனுக்கு எதிராக நின்றது.

சுந்தரபாண்டி பிடிபட்டு உள்ளே போனான்; கேஸ் இழுத்தது. ஜாமீனில் வந்த மாயகிருஷ்ணன் ஊரில் தலை குனிந்து நடந்தான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் பத்திரகாளிக்கு வயிறு எரியும். எரிவது அவன் மேலுள்ள கோபத்தாலா, வேறெதனாலா என்று அவள் யோசித்துப் பார்த்ததில்லை.

தனக்கும் மகளுக்குமான வயிற்றுப்பாட்டுக்காகக் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகத் தொடங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்து குச்சி அடுக்கியவள் ஞானப்பூ. அதிகம் பேசமாட்டாள். பத்திரகாளி சாப்பிடாமல் வந்த நாட்களில் தன் தூக்குச்சட்டியை நடுவில் நகர்த்தி வைப்பாள். அவள் பின்னாலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்திரகாளியும் ஜெபக்கூடத்துக்குப் போனாள். போன இடத்தில், கல்யாணமான நாளிலிருந்து அழாத அழுகையெல்லாம் அழுதாள். அடுத்த வருஷம் ஞானஸ்நானம் எடுத்தாள். பொட்டு, பூ, நகையெல்லாம் விடவேண்டும் என்றார்கள் சபையில். அது அவளுக்குக் கஷ்டமாகவே இல்லை. ஊர் ஏற்கெனவே அவளிடமிருந்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டிருந்தது. விட முடியாமல் கிடந்தது அந்த ஒரு தலையாட்டல்தான். முழங்காலில் நின்று கண்ணை மூடினால், ரத்தத்தில் ஊறிய துண்டும் அதை அமுக்கிய கைகளும் முன்னால் வந்து நின்றன.

கோர்ட்டில் சாட்சி சொல்லப் போவதற்கு முந்தின நாள் சண்முகராஜ் வந்தான்.

"மதினி, வக்கீல் சொன்னது ஞாபகம் இருக்குல்லா? ரெண்டு பேரும் வெட்டுனானுவன்னு சொல்லணும்."

"மாயகிருஷ்ணன் வெட்டல தம்பி."

சண்முகராஜ் அவளையே பார்த்தான். "என்ன பேசுதீங்க? செத்தது எங்க அண்ணன்."

"எனக்குப் புருஷன். அவிய உசிரு போகும்போது தாங்கிப் பிடிச்சவரை நான் ஜெயிலுக்கு அனுப்ப மாட்டேன்."

"வேதக்காரி ஆனதும் ரோஷம் போயிருச்சோ?"

"ரோஷம் இருக்கு தம்பி. அது இன்னும் என்னைத் தூங்க விட மாட்டேங்குது. ஆனா அதுக்குப் பொய்யைத் தீனியாப் போட மாட்டேன்."

மறுநாள் கூண்டில் ஏறினாள். சர்க்கார் வக்கீல் கேட்டதற்கு, "வெட்டுனது சுந்தரபாண்டி மட்டும். மாயகிருஷ்ணன் ரத்தத்தை அமுக்கிப் பிடிச்சாரு" என்றாள். கோர்ட்டுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. போலீசில் வேறு மாதிரி சொன்னாயே என்றதற்கு, "அப்ப பொய்க்குத் தலையாட்டுனேன் அய்யா" என்றாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். "அப்படின்னா சுந்தரபாண்டி வெட்டுனாருன்னு சொல்லுறதும் பொய்தானே?"

"இல்ல அய்யா. அதைக் கண்ணால பாத்தேன். பாத்ததைச் சொல்லுதேன். பாக்காததைச் சொல்ல மாட்டேன்."

எப்படித் திருப்பித் திருப்பிக் கேட்டும் அவள் வார்த்தை மாறவில்லை. சுந்தரபாண்டிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. மாயகிருஷ்ணன் விடுதலையானான்.

நன்றி சொல்ல யாரும் வரவில்லை. சுந்தரபாண்டியை உள்ளே தள்ளியவள் என்று அவன் வீட்டுப் பெண்கள் அவளைக் கண்டால் காறித் துப்பினார்கள். எதிரியைத் தப்பவிட்டவள் என்று சண்முகராஜ் வீட்டுக்கதவை அடைத்தான். மாயகிருஷ்ணன் மட்டும் பஸ் ஸ்டாப்பில் அவளைக் கண்டால் எழுந்து நின்றுகொள்வான். பேசமாட்டான். ஊரில் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லாமல் போன பிறகு, மகளைக் கூட்டிக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்து ஒரு ஓட்டு வீட்டில் குடியேறினாள். சண்முகராஜ் வைத்துக்கொண்ட புருஷன் பங்குப் புஞ்சையைக் கேட்டு வழக்குப் போடலாம் என்று சபையிலேயே சிலர் சொன்னார்கள். அவள் போகவில்லை. அப்படிப் போகாததை நினைத்து, மகளுக்குக் கல்யாணம் பேசிய நாட்களில் தனியாக உட்கார்ந்து அழுததும் உண்டு.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம். சண்முகராஜ் டிராக்டர் கவிழ்ந்து இடுப்பு ஒடிந்து பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று மார்க்கெட்டில் யாரோ சொன்னார்கள். மாடு கன்றைக் கவனிக்க ஊருக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைகிறாளாம் அவன் பெண்டாட்டி. பத்திரகாளி அன்று தீப்பெட்டி ஆபீசுக்குப் போகவில்லை. கஞ்சி காய்ச்சித் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு போனாள். அவளைப் பார்த்ததும் சண்முகராஜ் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் போனபோது சட்டி வைத்தபடியே இருந்தது. கழுவிவிட்டுப் புதுக் கஞ்சியை வைத்தாள். அதற்கடுத்த நாட்களும் அப்படியே கழிந்தன. 'இந்த ஏச்சும் பேச்சுமில்லாத முகத்தை எத்தனை நாள் பார்ப்பது ஆண்டவரே' என்று ஒருநாள் படியிறங்கும்போது வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

ஒரு காலையில் பெண்டாட்டி ஊருக்குப் போயிருந்தாள். பத்திரகாளி டம்ளரில் கஞ்சியை ஊற்றி நீட்டினாள். அவன் வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டி வாங்கினான். ஒரு வாய் குடித்தான். முகத்தைச் சுளித்தான்.

"உப்பு போடலையா மதினி?"

ஏழெட்டு வருஷத்துக்குப் பிறகு அவன் பேசிய முதல் பேச்சு அது. பத்திரகாளி டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலில் இருந்த இட்லிக்கடையில் ஒரு கை உப்பு வாங்க வேகமாக நடந்தாள்.