முருகனின் ஜீப்பில் நடு இருக்கை

இன்று மூணாறிலிருந்து வட்டவடைக்கு முருகனின் ஜீப்பில் போனேன். ஆள் அதிகம் ஏற்றியதற்காக அவருடைய லைசென்ஸை மூன்று மாதம் முடக்கியிருக்கிறார்கள். அவருடைய மைத்துனர் ஓட்ட, முருகன் எங்கள் இருவருக்கும் நடுவே உட்கார்ந்திருந்தார்.

வளைவுக்கு வளைவு அவருடைய வலது கால் தரையை மிதித்தது.

“மச்சான், அங்க பிரேக் இல்ல,” என்றார் மைத்துனர்.

“தெரியும்டா. நீ ரோட்டப் பாரு.”

வழியில் டீ குடிக்க மைத்துனர் இறங்கினார். சாவியையும் எடுத்துக்கொண்டு போனார். முருகன் மெதுவாக ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி எதிரே ஏறும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“லைசென்ஸ் திரும்பி வர இன்னும் பன்னெண்டு நாளு கெடக்குண்ணே. வண்டி ஓடாம சும்மா உக்காந்திருந்தா, அதுவும் குத்தமா?”

இறங்கிப்போய் மைத்துனருக்கு இன்னொரு டீ சொன்னேன்.

சட்டம் தெரிந்தவர்கள் பதில் எழுதுங்கள். அவசரமில்லை, டீ நல்ல சூடு.