கடையில் வாங்கிய நன்றி

இதை எழுத நினைத்துச் சில வருடங்கள் ஆகிவிட்டன. பேனாவை எடுப்பேன், வெட்கம் பிடுங்கித் தின்னும், வைத்துவிடுவேன். கடவுளுக்கு நன்றி சொல்வதைப் பற்றி எழுத எனக்கென்ன யோக்கியதை என்று தோன்றும். நான் இருக்கும் குவைத்தில் ஞாயிறு வேலை நாள். எங்களுக்குப் பூசை வெள்ளிக்கிழமை. வந்த புதிதில் ஞாயிறு காலை காய்கறிக் கிடங்கில் பெட்டி தூக்கும்போது, ஊரில் இந்நேரம் கோயில் மணி அடித்திருக்குமே என்று கை தானாகச் சிலுவை போடும். கூட வேலை பார்க்கும் வங்காளி, எனக்கு நெஞ்சுவலியோ என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்து தருவான்.

எங்களுக்கு ஊர் கம்பம் பக்கம் சுருளிப்பட்டி. பன்னீர் திராட்சைப் பந்தல் உண்டு. முதல் அறுப்பில் ஒரு கூடை பழத்தைப் பீடத்தின் முன் காணிக்கையாக வைப்போம். பூசை முடிந்ததும், சாமியாருக்கு உதவியாகக் கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார், காணிக்கை வைத்த வீட்டுக்காரர் பெயரை வாசித்து அதை வாசலில் ஏலம் விடுவார். ஏலம் கேட்பவர்களும் திராட்சை போட்டவர்கள்தான். இருந்தாலும் ஒருவர் காணிக்கையை இன்னொருவர் கேட்டு வாங்குவார்.

நான் குவைத்துக்கு வந்த பிறகு ஒரு வருடம் அறுப்புக்கு முன்னால் விடாத மழை. பழமெல்லாம் வெடித்துவிட்டது என்று என் மனைவி அமலி போனில் சொன்னாள். என் முகத்தைப் பார்த்துக் கிடங்கு முதலாளி என்னவென்று கேட்டார். தெரிந்த அரபியில் சொன்னேன். அவர் கண்ணை மூடி, “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். என் பயிர் போனதற்கு இந்த மனிதர் கடவுளைப் புகழ்கிறாரே என்று எனக்கு ஆத்திரம். அன்று முழுக்க அவர் முகத்தில் விழிக்கவில்லை.

அந்த ஆத்திரத்தோடுதான் அமலியைக் கூப்பிட்டேன்.

“வெடிச்ச பழத்தையா பீடத்துல வைப்ப? குவைத்துக்காரன் வீட்டுக் காணிக்கையப் பாருன்னு சிரிப்பாக. கம்பத்துல கடையில நல்ல பழமா வாங்கி வை.”

“நம்ம பழம் எதுன்னு ஆண்டவருக்குத் தெரியாதாங்க?”

“சொன்னதைச் செய்.”

செய்தாள். கோயிலில் எல்லார் கூடையிலும் வெடித்த பழம். சாறு வடிந்து ஈ மொய்த்திருக்கிறது. எங்கள் கூடையில் மட்டும் பளபளவென்று வெளியூர்ப் பழம். உபதேசியார் அதைத் தூக்கிக் காட்டியதும் பக்கத்துத் தோட்டக்காரர், “ஏத்தா அமலி, ஒம் புருசன் குவைத்துலயா பந்தல் போட்டுருக்காக? அங்கன மழையே இல்ல போலருக்கே” என்றிருக்கிறார். எல்லாரும் சிரித்தார்களாம். ஒருவரும் ஏலம் கேட்கவில்லை.

“இது எங்க பழம் இல்லய்யா. அவுக வாங்கி வைக்கச் சொன்னாக, வச்சேன்” என்று சொல்லிவிட்டு அமலி தோட்டத்துக்கு நடந்தாள். வெடித்த குலை ஒன்றை அறுத்து முந்தானையில் ஏந்தி வந்து பீடத்தின் முன் வைத்தாள். சேலையெல்லாம் கறை. சிரித்த அந்தத் தோட்டக்காரரே அதை ஏலத்தில் எடுத்தார்.

சாயங்காலம் போனில் அவள் அழவில்லை. “இம்புட்டு போனப்பெறகும் கொண்டு போய் வைக்க ஒரு குலை இருந்துச்சே, அதுக்கு நன்றி சொல்லத்தான போறோம்? அதைப் போய் ஒளிக்கச் சொல்லிட்டீகளே. இனி காணிக்கைக்கு எம் பேரைத்தான் சொல்லுவேன். ஒங்க நன்றிய நீங்களே சொல்லிக்கிருங்க.”

முதலாளி மூடிய கண்ணோடு சொன்னதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. இழப்பின் நடுவிலும் மனிதன் கடவுளைப் புகழ முடியும். எனக்கு வந்ததெல்லாம் ஊர் என்ன நினைக்கும் என்ற கவலைதான். நன்றி என்று நான் இத்தனை வருடமும் சொன்னது நல்ல விளைச்சலைக் காட்டிக்கொண்டதுதானோ என்று கூசுகிறது.

இன்றும் சுருளிப்பட்டிக் கோயிலில் காணிக்கை வாசிக்கும்போது அமலி பெயர் மட்டும் வருகிறது. இங்கே வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் யாருக்கும் என் பெயர் தெரியாது. இரண்டு கோயிலுக்கும் நடுவில் நின்றுகொண்டு, வாய்க்குள்ளேயே, இல்லாமல் போனவற்றையும் சொல்லி நன்றி சொல்லப் பழகுகிறேன். சில வாரம் வருகிறது, சில வாரம் வரவில்லை.

இதை யாருக்காவது சொல்வீர்களானால் உள்ளபடியே சொல்லுங்கள். கேட்பவர் மனம் நோகும் என்று என்னை நல்லவனாக்க வேண்டாம். அமலி கொண்டுபோன பழம் வெடித்த பழம். அதையும் நல்ல பழமாக்கிவிடாதீர்கள்.