ஒரு பெட்டி தக்காளியும் ஆறு வீடுகளும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை கொத்தமல்லி வாங்கப் போனவன், ஒரு பெட்டி தக்காளியோடு வீடு திரும்பினேன்.

பெட்டி என்றால் சின்னதாக நினைத்துவிடாதீர்கள். காந்தி மார்க்கெட்டில் மொத்த வியாபாரத்துக்கு லாரியில் வந்து இறங்குமே, அந்தப் பிளாஸ்டிக் பெட்டி. இருபத்தைந்து கிலோ! வீட்டில் இருப்பது நானும் என் மனைவி கல்யாணியும் மட்டும்தான். அதிலும் கல்யாணிக்குத் தக்காளி அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது.

கதவைத் திறந்தவள் பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"யாருக்குங்க கல்யாணம்?"

நியாயமான கேள்வி.

எட்டு மாதம் முன்பு வரை நாங்கள் திருவானைக்காவலில் ஒரு சந்தில் இருந்தோம். வாடகை வீடு, மாடி, பதினெட்டுப் படி. இருபத்திரண்டு வருஷம் ஏறி இறங்கிய பிறகு, கல்யாணியின் முட்டி இனி முடியாது என்று சொல்லிவிட்டது. டாக்டரும் அதையே சொன்னார். அதனால் லிஃப்ட் இருக்கிற ஃப்ளாட்டாகப் பார்த்துக் கருமண்டபத்துக்கு வந்துவிட்டோம்.

அந்தச் சந்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆறு வீடுகள் சேர்ந்து வாரத்துக்கு ஒருமுறை மார்க்கெட்டில் மொத்தமாகக் காய் வாங்கிப் பங்கு போட்டுக்கொள்வோம். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வருவது என் வேலை. இருபத்திரண்டு வருஷமும் என் வேலைதான். யார் கொடுத்த பதவி என்று கேட்டால் தெரியாது.

கருமண்டபம் வந்த பிறகு மார்க்கெட் பக்கமே நான் போகவில்லை. போன ஞாயிறு என்னவோ கால் பரபரத்தது. கொத்தமல்லி ஒரு சாக்கு. மண்டிக்காரர் என்னைப் பார்த்ததும் கல்லாவை விட்டே எழுந்துவிட்டார்.

"என்ன சார், ஆளையே காணோம்? ஒடம்பு கிடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன். வழக்கம்போலத்தானே?"

'இல்லீங்க, இப்ப நாங்க ரெண்டு பேருதான்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மூன்று விநாடி. நான் சொல்லவில்லை. எட்டு மாதமாக என்னிடம் யாரும் 'வழக்கம்போலத்தானே' என்று கேட்கவில்லை... அந்த ஒரு வார்த்தையில் மயங்கித் தலையாட்டிவிட்டேன். அதற்குள் சுமை தூக்குபவர் பெட்டியை ஸ்கூட்டரில் வைத்துக் கயிறும் கட்டிவிட்டார்.

கொத்தமல்லியை மறந்துவிட்டேன் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

சரி, இங்கே நாற்பத்தெட்டு ஃப்ளாட் இருக்கிறதே, வாட்ஸ்அப் குரூப் எதற்கு இருக்கிறது? 'நல்ல தக்காளி, ஒரு பெட்டி வாங்கிவிட்டேன், விருப்பமுள்ளவர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம்' என்று ஒரு செய்தி போட்டேன். பதினோரு கட்டைவிரல்கள் வந்தன. ஒருவர் ஆர்கானிக்கா என்று கேட்டார். இன்னொருவர் ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொன்னார். கொஞ்ச நேரத்தில் செக்ரட்டரியிடமிருந்து போன்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். குரூப்ல வியாபாரம் பத்திப் போடக்கூடாதுன்னு ரூல் இருக்கு."

"வியாபாரம் இல்லீங்க. பங்கு..."

"புரியுது சார். இருந்தாலும் டெலீட் பண்ணிட்டீங்கன்னா நல்லது."

தங்கமான மனுஷர்தான். அவரைக் குறை சொல்ல மாட்டேன். டெலீட் செய்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம் இல்லையா... ஓரிடத்தில் சேர்ந்து வாழ்ந்து, பொதுவான விதிகளுக்குக் கட்டுப்பட்டு நடக்கும் மக்கள்தான் சமூகம் என்று? அப்படிப் பார்த்தால் எங்கள் அப்பார்ட்மென்ட்டுக்கு நூற்றுக்கு நூறு போடலாம். தலைவர், செக்ரட்டரி, பொருளாளர், ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு பிரதிநிதி. விதிகள் மட்டும் பன்னிரண்டு பக்கம். லிஃப்டில் ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் என் தக்காளியை யாரிடம் கொடுப்பது என்று அந்தப் பன்னிரண்டு பக்கத்தில் எங்கும் இல்லை.

பழைய சந்தில் தலைவர் யார் என்று கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் ஏணி யார் வீட்டில் இருக்கிறது, பிபி பார்க்கிற மெஷின் யாரிடம் இருக்கிறது, தெருவில் ஒரு சாவு விழுந்தால் முதலில் யாரிடம் சொல்லவேண்டும்... எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் எழுதி ஒட்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் வாங்கி வருவேன். பக்கத்து வீட்டு நூர்ஜஹான் ஆறு கூறாகப் பிரித்து வைப்பார். அவர் கை தராசு மாதிரி. அடுத்தது பத்மா மாமியின் வேலை. மாமி பிறந்தது ஸ்ரீரங்கத்தில், வாழ்க்கைப்பட்டது எங்கள் சந்தில். காய்கறிக்கு முதுகைக் காட்டி, மேற்கே ராஜகோபுரம் இருக்கும் திசையைப் பார்த்து நின்றுகொள்வார். "பெருமாளைப் பாத்துண்டு நின்னா ஓரவஞ்சனை வராது" என்பார். நூர்ஜஹான் ஏதாவது ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்று கேட்பார். மாமி திரும்பிப் பார்க்காமல் ஒரு வீட்டின் பெயரைச் சொல்வார். டெய்லர் வீட்டுக்கு, கேட் வீட்டுக்கு, சார் வீட்டுக்கு... பத்திரிகையில் எழுதுகிற பாவத்துக்கு நாங்கள் 'சார் வீடு'. சொத்தைக் கத்திரிக்காய் வந்தாலும் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது.

ஒரு தடவை சாக்கடைத் தண்ணீர் தகராறில் மாமியும் நூர்ஜஹானும் நாலு மாதம் பேசிக்கொள்ளவில்லை. அந்த நாலு மாதத்திலும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் "இது யாருக்கு?" நிற்கவில்லை. இருவருக்கும் நடுவில் அந்தப் பேச்சு மட்டும்தான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் மெல்ல மெல்ல மற்ற பேச்சும் வந்தது என்று நினைக்கிறேன்.

"பெட்டியை எடுத்துட்டு அங்கயே போயிட்டு வாங்களேன்" என்றாள் கல்யாணி. நானாகச் சொல்லக் கூச்சப்பட்டதை அவள் சொல்லிவிட்டாள்.

காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது எனக்கு ஒரே ஒரு கேள்விதான். நான் இன்னும் அங்கே இருக்கிறேனா? அறுபது வயதுக்காரன் கேட்கிற கேள்வியா இது? ஆனால் கேட்டேன்.

நான் போன நேரம், கேட் வீட்டு போர்ட்டிகோவில் பங்கு நடந்துகொண்டிருந்தது. ஆறு கூறு கத்திரிக்காய். மாமி மேற்கே பார்த்து நின்றிருந்தார். நூர்ஜஹான் என்னைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்க, பேசாதீர்கள் என்று சைகை காட்டினேன்.

"இது யாருக்கு?"

"டெய்லர் வீட்டுக்கு."

"இது?"

"சார் வீட்டுக்கு."

எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. எட்டு மாதம் ஆகியும்! கண்ணில் தண்ணீர் முட்ட, நான் குனிந்து கையை நீட்டினேன்.

அதே கூறுக்கு இன்னொரு கையும் நீண்டது.

நாங்கள் இருந்த மாடியில் இப்போது குடியிருக்கும் பெண். ரேவதி என்று பெயர். வெட்கப்பட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"எடுத்துக்குங்க சார்... இப்ப நான்தான் சார் வீடு. வந்த புதுசுல கேக்கவே கோவமா வரும். அப்புறம் பழகிடுச்சு."

அவள் கணவர்தான் இப்போது மார்க்கெட் போகிறாராம். வீட்டைக் கொடுக்கும்போது சாவியோடு அந்த வேலையையும் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது! சிரித்தேன். சிரித்தேனே தவிர, உள்ளே நன்றாக வலித்தது. என் பெயர் அங்கே இருந்தது. நான்தான் இல்லை.

"பெருமாளே! நம்ம சாரா? வாங்கோ, வாங்கோ" என்று மாமி திரும்பினார். உள்ளேயிருந்து எனக்கு நாற்காலி வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த போர்ட்டிகோவில் எனக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை. படியில் உட்காருவேன், அல்லது ஸ்கூட்டரில் சாய்ந்துகொள்வேன். காபி வேறு கப் அண்ட் சாஸரில் வந்தது. அவர்கள் அன்பாகத்தான் கொடுத்தார்கள். நான்தான் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து குடித்தேன்.

நூர்ஜஹான் என் பெட்டியைக் கிளறினார். "என்னங்க சார், அடிபட்ட பழமா வாங்கியிருக்கீங்க. கண்ணு தெரியலையா? சரி, தொக்கு போட்டுக்கலாம். ரேவதி, சாக்க விரி."

தக்காளி தரையில் இறங்கியது. இந்தத் தடவை ஏழு கூறு. மாமி மறுபடி மேற்கே திரும்பிக்கொண்டார்.

ஒவ்வொன்றாகப் போனது. கேட் வீடு, டெய்லர் வீடு, சார் வீடு... ரேவதி தன் பங்கை எடுத்துக்கொண்டாள். கடைசியில் ஒன்று மிஞ்சியது. யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. நூர்ஜஹான் அதைத் தொட்டார்.

"இது யாருக்கு?"

மாமி பேர் சொல்லவேண்டுமே, எந்தப் பேரைச் சொல்வார்? எனக்கென்று அந்தச் சந்தில் இருந்த பெயரை இப்போதுதான் இன்னொரு வீட்டுக்குச் சொல்லியிருந்தார். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

"கருமண்டபத்துக்கு" என்றார் மாமி.

எட்டு மாதமாக நான் ஒப்புக்கொள்ளாத ஒன்றை, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்லிவிட்டார். ஓரவஞ்சனை இல்லாத தீர்ப்பு. எழுந்து போய் என் கூறை எடுத்துக்கொண்டேன்.

மூன்றரைக் கிலோ இருந்தது. வீட்டுக்கு வந்து கல்யாணியிடம் பாதியைக் கொடுத்துவிட்டு, மீதியோடு வெளியே வந்தேன். எங்கள் தளத்திலேயே எங்களுக்கு நேர் எதிரே ஒரு ஃப்ளாட். குரூப்பில் செய்தி போட்டேனே தவிர, அந்தக் கதவின் மணியை ஒரு நாளும் அடித்ததில்லை.

அடித்தேன்.

"யாருங்க?" என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல்.

என்ன சொல்வது? சார் என்றா? ஃப்ளாட் நம்பரையா? "எதிர் வீடுங்க" என்றேன்.

தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது.