தீபாவளியிலேயே நின்ற மடிக்கணினி

மடிக்கணினியின் தேதியைப் பின்னால் தள்ளி வைத்தவன் நான். ஸ்டெல்லா அல்ல. கஸ்தூரி என்ற கர்ப்பிணிக்குத் தவறான இரத்த அறிக்கை போனதற்குக் காரணம் நான். அது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவனும் நானே!

போதுமா? இவ்வளவைச் சொல்ல எனக்கு இத்தனை ஆண்டுகள் பிடித்தன. நீங்கள் யாரோ... உங்களிடம் சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டியவர்களிடம் இன்னும் சொல்லவில்லை.

அப்போது திண்டிவனத்தில் ஒரு சிறிய இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன். வீடு விழுப்புரத்தில், தினமும் பேருந்தில் போய்வருவேன். முதலாளி, நான், எனக்குப் பிறகு சேர்ந்த ஸ்டெல்லா என்று மூன்றே பேர். இரத்த அணுக்களை எண்ணும் இயந்திரம் ஒன்று இருந்தது. அது எண்ணிச் சொல்லும் அளவுகளை ஒரு மடிக்கணினி வாங்கி, ஆளின் பெயரோடு சேர்த்து அச்சிட்டுத் தரும்.

ஊரெல்லாம் காய்ச்சல் பரவிய மழைக்காலத்தில் அந்த மடிக்கணினி செத்துப்போனது. முதலாளி அவசர அவசரமாகப் புதியது வாங்கி வந்தார். பளபளவென்றிருந்தது. உள்ளே விண்டோஸ் செவன். எங்கள் இயந்திரத்தின் மென்பொருளோ பழைய எக்ஸ்பியைத் தவிர வேறெதையும் ஏறெடுத்தும் பார்க்காது!

"இன்னாப்பா இது, புச்சு வாங்கியாந்தா ஓட மாட்டேன்னுது? வெளிய ஜனம் நிக்குது பாரு," என்று தலையில் கை வைத்துக்கொண்டார் முதலாளி.

"நான் பாத்துக்கறேன் சார்," என்றேன்.

எனக்கு இது ஒரு வியாதி. யாராவது கையைப் பிசைந்துகொண்டு நின்றால் போதும், முந்திரிக்கொட்டை மாதிரி இந்த வார்த்தை வந்து விழுந்துவிடும். பிறகு இராத்திரி முழுக்கத் தூக்கம் வராது. கேட்டால் எனக்குப் பொறுப்புணர்ச்சி என்று பேர்!

விழுப்புரத்தில் கணினி பழுது பார்க்கும் பாய் ஒருவரிடம் எடுத்துப்போனேன். அவர் செவனைத் துடைத்துவிட்டு எக்ஸ்பியை ஏற்றினார். போன தடவை எவ்வளவு இருந்தது என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களுக்காக, பழைய கணினியின் ஹார்டு டிஸ்கைக் கழற்றி, அதில் கிடந்த அறிக்கைகளையும் நகலெடுத்துப் போட்டுத் தந்தார். மென்பொருளைத் திறந்தேன். உரிமக் காலம் முடிந்துவிட்டது என்று திரையில் வந்தது. எனக்கு வியர்த்துவிட்டது.

பாய் சிரித்தார். "இதுக்கா மூஞ்சி இப்டி ஆயிடுச்சு? தேதிய ஒரு வருசம் பின்னாடி தள்ளி வுடு தம்பி, அது பாட்டுக்கு ஓடும். ஆனா உஷாரு. அந்தத் தேதியில பழைய ரிப்போர்ட்டு இருந்துதுன்னா ரெண்டும் கலந்துக்கும். பேஜாராயிடும்."

எச்சரித்தார்! தெளிவாக எச்சரித்தார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்லக்கூட எனக்கு வழியில்லை.

நான் யோசித்து, போன வருடத்துத் தீபாவளித் தேதியை வைத்தேன். அன்று எங்கள் நிலையத்துக்கு விடுமுறை. பழைய அறிக்கை ஒன்றுகூட இராது. என்ன புத்திசாலித்தனம் பாருங்கள்! கணினியின் தேதி ஒவ்வொரு நாளும் தானாக நகரும். அதனால் தினமும் காலையில், முதல் இரத்தத்தை வைப்பதற்கு முன், முந்தின நாள் அறிக்கைகளை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, தேதியை மறுபடி தீபாவளிக்கே தள்ளிவிட வேண்டும். அவ்வளவுதான். அதை நானே செய்துகொள்வேன் என்று முடிவு செய்தேன்.

கம்பெனி இன்ஜினியர் போனிலேயே வழி சொல்லிச் சரிசெய்துவிட்டார் என்று முதலாளியிடம் புளுகினேன். அவர் என் முதுகில் தட்டினார். அச்சில் தேதி வராதபடி செய்துவிட்டு, பிரின்டரில் தேதி சரியாக விழவில்லை, ரப்பர் சீலால் தேதி அடித்துக் கொடு என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. அண்ணன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்திருப்பாள்.

சில நாட்கள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. எங்கள் மடிக்கணினிக்கு மட்டும் தினமும் தீபாவளி!

பிறகு அந்த அமாவாசை வந்தது. மேல்மலையனூர்க் கோயில் கூட்டத்துக்காகப் பேருந்துகளைத் திருப்பிவிட்டிருந்தார்கள். விழுப்புரம் பேருந்து நிலையத்தில் எலுமிச்சம்பழமும் பையுமாக எங்கே பார்த்தாலும் ஜனம். திண்டிவனம் போகும் வண்டி ஒன்று வந்தது, ஏற முடியவில்லை. இன்னொன்று நிற்காமலே போனது. ஸ்டெல்லா இந்நேரம் நிலையத்தைத் திறந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

கையில் கைப்பேசி இருந்தது. அவளுடைய எண்ணை எடுத்தும் விட்டேன்...

அழைத்தால் என்ன சொல்வது? தேதியை மாற்று என்றால், ஏன் என்பாள். சொன்னால் முதலாளி காதுக்குப் போகும். இன்ஜினியர் எங்கே என்பார். இதோ அடுத்த வண்டியில் ஏறிவிடலாம், போய்ச் சேர்ந்து நானே மாற்றிவிடலாம் என்று கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டேன். அந்த ஒரு அழைப்பு! அதைச் செய்திருந்தால் நான் இன்று உங்களிடம் பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஸ்டெல்லா வேலையைத் தொடங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. மடிக்கணினி தீபாவளிக்கு மறுநாளில் நின்றது. போன வருடம் அந்த நாளில் நாங்கள் நிறையப் பேருக்குப் பரிசோதனை செய்திருந்தோம். மென்பொருள் இன்றைய ஆட்களின் பெயரைப் போட்டு, அன்றைய ஆட்களின் அளவுகளை அச்சிட்டுக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா அதன்மேல் பொறுப்பாக இன்றைய தேதி முத்திரையை அடித்துக்கொண்டிருந்தாள்.

பிரின்டர் தகராறு என்று சொல்லி, காத்திருந்தவர்களின் அறிக்கைகளை வாங்கிக் கிழித்தேன். நல்லவேளையாக, இயந்திரத்தின் சிறு திரையில் உண்மையான அளவுகள் இருந்தன. எல்லாவற்றையும் புதிதாக அச்சிட்டுக் கொடுத்தேன்.

ஒரே ஒரு அறிக்கை மட்டும் போய்விட்டிருந்தது.

"அந்த மரக்காணத்து அக்காவா? கஸ்தூரி. மாசமா இருந்துச்சே... பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு, ஜல்தியா குடும்மான்னு வாங்கிக்கினு டாக்டரம்மாகிட்ட போயிடுச்சுண்ணே," என்றாள் ஸ்டெல்லா.

இயந்திரத்தில் பார்த்தேன். கஸ்தூரியின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆறு. இருக்க வேண்டியதில் பாதிதான். அவள் கையோடு போன அறிக்கையில் பதினொன்றுக்கு மேல்!

அவள் கொடுத்துவிட்டுப் போன எண்ணை அழைத்தேன். கணவனுடையதாம், அவர் கடலுக்குப் போயிருந்தார். தொடர்பு கிடைக்கவில்லை. ஒருமுறை அழைத்தேன் என்று உங்களிடம் சொல்லிக்கொள்ளலாம். மறுநாள் ஏன் அழைக்கவில்லை? டாக்டரம்மாவின் மருத்துவமனை இரண்டு தெரு தள்ளித்தானே... நடந்து போய்ச் சொல்ல என்ன கேடு எனக்கு?

அடுத்த மாதம் மறுபடி சோதிப்பார்கள், அப்போது தெரிந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த மாதம் முழுக்க யார் கதவைத் தள்ளினாலும் திடுக்கிட்டு நிமிர்ந்தேன். அவள் வரவில்லை. பதினொன்று இருக்கிறவளை எதற்கு மறுபடி அலைய விடுவார்கள்?

வந்தது அவள் கணவர். நெடுநாள் கழித்து, ஒரு மத்தியான நேரம். வெயிலில் கறுத்த, வாட்டசாட்டமான ஆள். அந்த அறிக்கையை ஒரு பாலித்தீன் பையில் மடித்து வைத்திருந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"இதப் பாத்துட்டுதான் சார் ரத்தம் நல்லாகீதுன்னாங்க. வலி வந்து கொண்டும் போனா, ஒடம்புல ரத்தமே இல்லன்னுட்டாங்க பெரியாஸ்பத்திரில. பொம்பளையக் காப்பாத்திக் குடுத்துட்டாங்க சார். புள்ளதான்..." என்று நிறுத்தினார். பிறகு, "எப்டி சார் இது?" என்றார்.

முதலாளி அறிக்கையை வாங்கிப் பார்த்தார். கீழே ஸ்டெல்லாவின் கையெழுத்து.

"மெஷின்ல வந்தததான் சார் பிரின்ட் எடுத்தேன்," என்றாள்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. மெஷின்ல எதுனா கோளாறா?"

இப்போது... இப்போதாவது சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. என் கண் மடிக்கணினியின் மூலையில் இருந்த தேதிக்குப் போனது. அந்த வாரம்தான் புதிய உரிமம் வாங்கியிருந்தோம்; சரியான தேதியைக் காட்டிக்கொண்டிருந்தது. யாராலும் இனிக் கண்டுபிடிக்க முடியாது!

"இல்ல சார். மெஷினு சரியாத்தான் கீது."

இதுதான் என் பாவம். தேதியைத் தள்ளியதை அவசரத்தில் செய்த மடத்தனம் என்று நீங்கள்கூட விட்டுவிடலாம். இந்த வாக்கியத்தை நான் நிதானமாக, முழு நினைவோடு சொன்னேன். ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை... குழப்பத்தோடு பார்த்தாள். மெஷின் சரி என்று அண்ணனே சொன்னால், தவறு வேறு யாருடையது? அன்றைக்கே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

குழந்தை அந்த அறிக்கையால்தான் இறந்ததா? ஆயிரம் காரணம் இருக்கலாம் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு வேளை சோறுகூட அந்தப் பதிலை நம்பி நிம்மதியாக உள்ளே இறங்கவில்லை. இன்றும் எந்தக் கணினியைத் திறந்தாலும் முதலில் தேதியைத்தான் பார்க்கிறேன். சரியாக இருந்தாலும் மறுபடி ஒருமுறை பார்க்கிறேன்.

போன மாதம் விழுப்புரம் பேருந்து நிலையத்தில் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். ஒளிந்துகொள்ளலாமா என்று பார்ப்பதற்குள், "அண்ணே!" என்று ஓடிவந்துவிட்டாள். துணிக்கடையில் வேலையாம். இரத்தக் குழாயைத் தொடவே பயமாயிருக்கிறதென்று அந்தத் தொழிலையே விட்டுவிட்டாளாம்.

"ரெண்டு பேரு டியூப நான்தாண்ணே மாத்தி வச்சிட்டேன். வேற எப்டி நடந்துருக்கும், சொல்லுங்க? மரக்காணம் போயி அந்தக்கா காலப் புடிச்சிக்கினு அழுதுட்டேன். ஒரு வார்த்த திட்டலண்ணே. உக்கார வச்சி சோறு போட்டுச்சு."

நான் பேருந்துகளின் பெயர்ப்பலகைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒவ்வொரு வருசமும் ஈஸ்டருக்கு முன்னாடி பாவசங்கீர்த்தனத்துல இதத்தான் சொல்றேன். அதான் அப்பவே மன்னிப்பாயிடுச்சேம்மா, ஏன் திரும்பத் திரும்பச் சொல்றன்னு கேக்கறாரு ஃபாதரு. எனக்கு ஆற மாட்டேன்னுதுண்ணே."

சொல்லிவிடு! வாயைத் திறடா! இதைவிட வேறு நேரம் வருமா உனக்கு?

"எதுக்கும்மா இன்னும் அதையே நெனச்சிக்கினு கீற... வுடு," என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அன்னிக்கு ஆளாளுக்கு என்ன பேசனாங்க! நீங்க ஒருத்தர்தாண்ணே என்னிய ஒரு வார்த்த சொல்லல."

அவளுடைய பேருந்து வந்தது. ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்து, எனக்குக் கையசைத்தாள். நானும் கையசைத்தேன்.